சேலத்திலிருந்து சென்னை: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? முதல்முறை கணக்குப் போடுகிறவர்களுக்கு

எங்கள் அத்தைக்கு அப்போது 72 வயது. அவர் தூக்கி வளர்த்த பெண்ணுக்குச் சென்னை குரோம்பேட்டையில் கல்யாணம், முகூர்த்தம் காலை 9 முதல் 10.30. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து பதினான்கு பேர் வேன் பிடித்துப் போனோம். முதல் நாள் ராத்திரி மாமா போனைப் பார்த்து, "280 கிலோமீட்டர்தான் காட்டுது, மணிக்கு 70 போனாலும் நாலு மணி நேரம், விடியக்காலம் நாலு மணிக்கு எடுத்தா எட்டு மணிக்கு மண்டபத்துல காபி குடிக்கலாம்" என்றார். கேட்க சரியாகத்தான் இருந்தது, யாரும் மறுத்துப் பேசவில்லை. தாலி கட்டும்போது நாங்கள் பரனூர் டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மண்டபத்திலிருந்து தம்பி வீடியோ கால் போட்டான். அத்தை மடியில் சீர்த்தட்டு, தட்டில் மஞ்சள், குங்குமம், பட்டுப்புடவை, மேலே வைத்த மல்லிகைச் சரம் ஓரம் பழுத்துப்போயிருந்தது. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனை வாங்கி, கெட்டிமேளச் சத்தத்தை அதில்தான் கேட்டார். பார்த்து முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்து, "நேத்தே கெளம்பியிருக்கலாம் கண்ணு" என்றார், அவ்வளவுதான்.

மாமா பார்த்த 280 தப்பான எண் இல்லை. சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஆகாயத்தில் நேர்க்கோடு இழுத்தால் அவ்வளவுதான் வரும். வேன் போகிற சாலை 340 கிலோமீட்டர். இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதில் ஒரு மணி நேரம் போயிற்று, மீதியை டோல்கேட்டும் டீக்கடையும் தாம்பரம் நெரிசலும் எடுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் நேரக் கணக்கை நான்தான் போடுகிறேன். அதை எப்படிப் போடுகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சேலத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், முதல்முறை விமானம் ஏறப்போகிறவர்கள், ஏற்காடு பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

முதல் படி: எந்தச் சேலம், எந்தச் சென்னை

சிரிக்க வேண்டாம், இதில்தான் நிறைய பேர் வழுக்கிவிடுகிறார்கள். தூரம் காட்டும் தளங்களில் வெறுமனே சேலம் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தலைநகரான சேலமோ, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலமோ முதலில் வந்து நிற்கும். பதிமூன்றாயிரம் கிலோமீட்டர் என்று காட்டினால் அப்போதே தெரிந்துவிடும், ஆனால் விமான டிக்கெட் தேடும்போது அப்படிச் சட்டென்று தெரியாது. அதனால் விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். நம் ஊருக்கு எஸ்.எக்ஸ்.வி., ஆரிகன் சேலத்துக்கு எஸ்.எல்.இ., சென்னைக்கு எம்.ஏ.ஏ. இந்த மூன்றெழுத்தைக் கவனித்தால் போதும்.

அதேபோல ரயிலில் சின்னசேலம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அது ஆத்தூரையும் தாண்டி, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். பெயரைப் பார்த்துவிட்டு, நகரத்துக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்டேஷன் போல என்று நினைத்து அங்கே இறங்கிவிடாதீர்கள். சேலம் என்ற பெயரோடு நகரத்துக்குள் உள்ளவை ஜங்ஷன், டவுன், மார்க்கெட் மூன்றும்தான். கோவை, சென்னை சென்ட்ரல் பக்கம் போகிற பெரிய ரயில்கள் எல்லாம் சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனில் நிற்கும். டவுன் ஸ்டேஷன் விருத்தாசலம் பாதையில் இருக்கிறது.

இன்னொரு குழப்பம் ஆத்தூர். சேலம் மாவட்டத்து ஆத்தூர் நாம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அப்புறம் திண்டிவனம் தாண்டி அச்சிறுபாக்கம் பக்கத்திலும் ஆத்தூர் என்று ஒரு டோல்கேட் இருக்கிறது. "ஆத்தூர் டோல்கேட்டுல நிக்கிறோம்" என்று வண்டியில் வருகிறவர் சொன்னால் எந்த ஆத்தூர் என்று கேளுங்கள், இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரப் பயணம் இருக்கிறது.

சென்னை என்றால் எந்தச் சென்னை என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிற அரசு பஸ்களுக்குச் சென்னை என்பது கிளாம்பாக்கம்தான். அங்கிருந்து கோயம்பேட்டுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், சென்ட்ரல் இன்னும் கொஞ்சம் தள்ளி. பஸ் டிக்கெட்டில் "சென்னை சேரும் நேரம்" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வடபழனி அக்கா வீட்டில் அத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லாதீர்கள், அதோடு ஒன்றரை மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வான்வழித் தூரம்

இதைத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் மனதில் நிற்கும். வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. சேலம் விமான நிலையத்துக்கு 11.78, 78.06. சென்னை விமான நிலையத்துக்கு 12.99, 80.17. முதல் எண்களின் வித்தியாசம் 1.21. வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர், ஆகவே 134 கிலோமீட்டர் வடக்கே. இரண்டாம் எண்களின் வித்தியாசம் 2.11. கிழக்கு மேற்காக நம் பக்கத்தில் ஒரு டிகிரி ஏறக்குறைய 108 கிலோமீட்டர், ஆகவே 228 கிலோமீட்டர் கிழக்கே. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான் இனி: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 264. விமான நிலையத்துக்கு விமான நிலையம் அவ்வளவுதான் தூரம். ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்குப் போட்டால் மாமா பார்த்த 280 வந்துவிடும், ஏனென்றால் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம் ஊருக்கு வடமேற்கே தள்ளியும், சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் அந்த ஊரின் தென்மேற்கு ஓரத்திலும் இருக்கின்றன.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில தளங்கள் மைலில் காட்டும், ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். விமானக் கணக்கில் கடல் மைல் என்று ஒன்று உண்டு, அது 1.852 கிலோமீட்டர். 143 என்று எங்காவது பார்த்தால் அது இதே 264 கிலோமீட்டர்தான், கடல் மைலில்.

மூன்றாம் படி: சாலைத் தூரம், நடுவில் நிற்கும் மலைகள்

இந்தப் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாலைத் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கோவைக்கு நேர்க்கோட்டில் 148, சாலையில் 165, அதாவது 1.1 மடங்கு. சென்னைக்கு 280-க்கு 340, 1.2 மடங்கு. பெங்களூருக்கு நேர்க்கோட்டில் 158, சாலையில் 200, கிட்டத்தட்ட 1.3 மடங்கு. ஏற்காட்டுக்கோ நேர்க்கோட்டில் 14, 15 கிலோமீட்டர்தான், சாலையில் 30, முழுசாக இரண்டு மடங்கு!

ஏன் இப்படி என்றால் நம் ஊரைச் சுற்றி மலைகள். கோவைப் பக்கம் சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி என்று திறந்த சமவெளி, சாலை ஏறக்குறைய நேராகப் போகிறது. சென்னைக்கு நேர்க்கோடு இழுத்தால் அது சேர்வராயன் மலையின் ஓரத்தையும் அதற்கு அப்பால் சித்தேரி, கல்வராயன் மலைகளையும் தொட்டுக்கொண்டு போகும். சாலை அப்படிப் போக முடியாது, சுற்றித்தான் ஆக வேண்டும். தெற்கே சுற்றினால் வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை. ஆத்தூரில் வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் நிற்க, நடுவில் உள்ள தாழ்வில் சாலை நழுவிப்போகிறது. வடக்கே சுற்றினால் தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர். பெங்களூர்ச் சாலைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும், தொப்பூர் கணவாயில் ஒரு ஏற்றம், கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிப் பக்கம் இன்னொரு ஏற்றம்.

சரி, சென்னைக்கு எந்த வழி? ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழிதான் குறைவு, 340. வேலூர் வழி 15, 20 கிலோமீட்டர் கூட. ஆனால் நீங்கள் போகவேண்டிய இடம் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, அம்பத்தூர் என்று மேற்கே இருந்தால் வேலூர் வழிதான் நல்லது, தாம்பரம் நெரிசலுக்குள் போய் மாட்ட வேண்டியதில்லை. இதை முதலாம் படியிலேயே முடிவு செய்யச் சொன்னதும் இதற்காகத்தான்.

வழி கேட்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றிவிட்டார்கள், பெரியவர்களும் லாரி டிரைவர்களும் இன்னமும் பழைய எண்ணில்தான் சொல்வார்கள். உளுந்தூர்பேட்டைச் சாலை அன்று 68, இன்று 79. பெங்களூர்ச் சாலை அன்று 7, இன்று 44. கோவைச் சாலை அன்று 47, இன்று 544.

நான்காம் படி: கிலோமீட்டரை மணியாக்குவது

மொத்தத் தூரத்தை ஒரே வேகத்தால் வகுக்காதீர்கள், எங்கள் வேன் கணக்கு அதில்தான் உடைந்தது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை 136 கிலோமீட்டர், காரில் இரண்டேகால் மணி நேரம். உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம் தாண்டுகிற வரை ஊர்ப் போக்குவரத்து, அப்புறம்தான் சாலை திறக்கும். இந்தச் சாலை நான்கு வழிச்சாலை என்று பெயர் வாங்கினாலும் ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ்கள் பலவற்றை முதலில் இரண்டு வழியாகத்தான் போட்டார்கள், அகலமாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று எதிர் வண்டியோடு ஒரே பாதையைப் பகிர வேண்டியிருந்ததால் அங்கே நடந்த விபத்துகள் நிறைய. பிறகு அகலப்படுத்தும் வேலைகள் தொடங்கின. வேலை நடக்கும் இடங்களில் வேகம் தானாகக் குறையும், அதற்குக் கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் இந்தப் பகுதியில் வேகமாகப் போகவே வேண்டாம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் தாண்டி திண்டிவனம் வரை 75 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். நல்ல சாலை. திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு 65, அதுவும் ஒரு மணி நேரம். செங்கல்பட்டிலிருந்து கிண்டி 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் பரனூர், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று இந்தத் துண்டுக்கு மட்டும் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ராத்திரி 11 மணிக்கு 50 நிமிடத்தில் போயிருக்கிறேன், தீபாவளி முடிந்து எல்லோரும் திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. இதற்கு ஒன்றரை மணி நேரம் வைப்பது என் வழக்கம், வார நாளில் காலை 8 முதல் 11 வரை என்றால் இரண்டு.

டோல்கேட்டுகள் வரிசையாக மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர், ஆக ஆறு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், இல்லாமல் போனால் கூடுதல் கட்டணமும் போகும், நேரமும் போகும். சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்துக் காரில் முக்கால் மணி. வேனில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் என்று தாராளமாக வையுங்கள். பதினான்கு பேரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் இறங்கவேண்டியிருக்கும், வயதானவர்களிடம் "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று சொல்வது சரியில்லை.

இப்படிக் கூட்டினால் காரில் ஆறு, ஆறரை மணி நேரம், வேனில் ஏழு, பஸ்ஸில் ஏழிலிருந்து எட்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதையும் நம்பாமல் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டம் அரசூர் பக்கம் சாலை மேலேயே வெள்ளம் போய், சென்னை திருச்சி நெடுஞ்சாலைப் போக்குவரத்து நின்றுபோனது. உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கும் ஊர் அது, நம் வழியேதான். அந்த மாதிரி நாட்களில் வேலூர் வழி 20 கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் அதில்தான் போய்ச்சேர முடியும்.

ஐந்தாம் படி: விமானத்தில் ஒரு மணி நேரம் என்றால்

சேலம் விமான நிலையம் ஓமலூர் தாண்டி கமலாபுரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது, ஊரிலிருந்து 20 கிலோமீட்டர். 1993-இல் கட்டினார்கள், ஆனால் விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னை விமானம் திரும்ப வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வரத் தொடங்கின. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், "போன தடவை மத்தியானம் ஒரு ஃபிளைட் இருந்துச்சே" என்று நினைவை நம்பிக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரி அப்பாயின்மென்டுக்கோ நாள் குறிக்காதீர்கள். உங்கள் தேதிக்கு, அந்தக் கிழமைக்கு விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், அதனால் இங்கே வருவது ஏடிஆர் என்கிற, இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 264-ஐ 500-ஆல் வகுத்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட வருகிறது, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது என்று என் அண்ணன் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. விமானம் கிளம்பியதுமே அந்த வேகத்தை எட்டுவதில்லை, ஏறுவதற்குக் கொஞ்ச நேரம், இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் போகும். சென்னையில் முன்னால் வருகிற விமானங்களுக்குப் பின்னால் முறைப்படி வர வேண்டும், காற்று அடிக்கும் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பது முடிவாகும். அப்புறம் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை, நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. அதனால் ஒரு மணி நேரம்.

இனி வீட்டு வாசலிலிருந்து எண்ணுவோம். அஸ்தம்பட்டியிலிருந்து கமலாபுரத்துக்கு, ஐந்து ரோடு, குரங்குச்சாவடி சிக்னல்களையும் சேர்த்து 45 நிமிடம். உள்நாட்டு விமானத்துக்குப் பை போடும் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும், முதல்முறை போகிறவர்கள் இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பறப்பது ஒரு மணி நேரம். இறங்கிப் பை வாங்கி வெளியே வர அரை மணி. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது, சென்ட்ரல் வரை முக்கால் மணி நேரம். எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலும் கிடைக்கும், தாம்பரம், குரோம்பேட்டை போகிறவர்களுக்கு அதுதான் வசதி. மொத்தம் நாலரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். சாலையை விட ஒன்றரை, இரண்டு மணி நேரம் மிச்சம், முதுகு வலி இல்லை. முட்டி வலியோடு இருக்கிற அம்மாவை அழைத்துப்போகிறீர்கள் என்றால் எனக்கு இதுதான் சரி என்று படும், முன்கூட்டியே கேட்டால் சக்கர நாற்காலியும் தருவார்கள்.

சாமான் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாரண டிக்கெட்டில் உள்ளே போடும் பை 15 கிலோ, கையில் 7 கிலோ என்பதுதான் வழக்கம். மே மாதத்தில் சேலத்திலிருந்து வெறுங்கையோடு சென்னைக்குப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள், மாம்பழப் பெட்டி ஒன்று கூடவே வரும். அந்தப் பெட்டியும் அந்த 15 கிலோவுக்குள்தான், வீட்டிலேயே எடை பார்த்துக் கட்டுங்கள். பவர் பேங்கை உள்ளே போடும் பையில் வைக்கக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே வாசல் கணக்குதான். கோவை விமான நிலையம் அந்த ஊரின் சேலம் பக்கத்திலேயே அவிநாசி ரோட்டில் இருப்பதால் ஊருக்குள் நுழையவே வேண்டாம், காரில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். பெங்களூர் 200 கிலோமீட்டர்தானே என்று நினைத்துக் கிளம்பினால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது, இன்னும் 35, 40 கிலோமீட்டர், நடுவில் பெங்களூர் நெரிசல் முழுவதும். அதற்குக் குறைந்தது ஐந்தரை மணி நேரம் வையுங்கள்.

ஆறாம் படி: ரயிலை மறக்க வேண்டாம்

வானமும் சாலையும் பேசிக்கொண்டே இருந்தால் ரயிலை விட்டுவிடுவோம். ஜங்ஷனிலிருந்து சென்ட்ரலுக்கு 334 கிலோமீட்டர், பொம்மிடி, மொரப்பூர், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை சென்னை வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, மற்ற விரைவு ரயில்கள் ஐந்து, ஐந்தரை மணி நேரம். ஜங்ஷனுக்கு அரை மணி நேரம் முன்னால் போனால் போதும் என்பதால் வாசலிலிருந்து எண்ணினால் வந்தே பாரத்தும் விமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போகும் இடம் சென்ட்ரல், எழும்பூர்ப் பக்கம் என்றால் நான் ரயில் என்பேன், விமான நிலையத்தைச் சுற்றி என்றால் விமானம்.

ஏழாம் படி: ஏற்காடு போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து ஏற்காடு 370 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று பலர் கிளம்பி இருட்டில் மலையடிவாரத்தில் வந்து நிற்கிறார்கள். மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. இருபது கிலோமீட்டருக்கு உள்ளாகவே 1,200 மீட்டர் ஏற வேண்டும், கொண்டை ஊசி வளைவுகள் 20. ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம், பஸ்ஸில் அதற்கு மேல். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் என்றால் இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

உளுந்தூர்பேட்டைச் சாலையில் வருகிறவர்கள் சேலம் நகரத்துக்குள் வராமலே அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பிக் குப்பனூர் வழியாக ஏறலாம். அந்த வழியில் இத்தனை வளைவுகள் கிடையாது, கூட்ட நாட்களில் இறங்குகிற வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. முதல்முறை மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பகலிலேயே ஏறிவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மழை விடாமல் பெய்யும் நாட்களில் மண்சரிவு உண்டு, பாதை திறந்திருக்கிறதா என்று தங்கப்போகும் இடத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசிப் படி: பின்னாலிருந்து எண்ணுவது

கிளம்பும் நேரத்திலிருந்து எண்ணினால் ஆசை நடுவில் புகுந்துவிடும். போய்ச்சேர வேண்டிய நேரத்திலிருந்து பின்னால் வாருங்கள். எங்கள் கல்யாணத்தையே எடுத்துக்கொள்கிறேன். முகூர்த்தம் 9 மணி, சீரோடு போகிறவர்கள் 8 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். வேனில் குரோம்பேட்டைக்கு ஆறரை மணி நேரம், ஆக ராத்திரி ஒன்றரை மணிக்கு எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வேன் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கும், டிரைவருக்குக் கண் சொக்குகிற நேரம் அது. பதினான்கு உயிரை அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஏற்றிவிட எனக்கு மனம் வராது. விமானம், வந்தே பாரத் இரண்டும் அந்த நேரத்துக்குப் போய்ச்சேராது. ஆக, விடை முதல் நாளே கிளம்புவது, இல்லையென்றால் ராத்திரி ரயில். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஜங்ஷனில் ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரல். எழும்பூர் போகிற ராத்திரி ரயிலில் டவுன் ஸ்டேஷனில் ஏறினால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம், அங்கிருந்து குரோம்பேட்டை ஆட்டோ தூரம்தான்.

அந்தப் பெண்ணின் தங்கை கல்யாணத்துக்கு அப்படித்தான் போனோம். அத்தைக்குக் கீழ் பெர்த், சீர்த்தட்டைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். தாம்பரத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை, மல்லிகையை அங்கே ஸ்டேஷன் வாசலில்தான் வாங்கினோம்.